திரும்பத் திரும்பப் போகும் இடது சேனல்

வட சென்னை காசிமேட்டில் ஒரு வீட்டிலிருந்து மேசைக்கு வந்த செட். எண்பதுகளின் ஜப்பான் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர், சேனலுக்கு 60 வாட், 8 ஓம். பின்பக்கத் தகட்டில் 220 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. புகார் எளிமையானது: இடது சேனல் போகும், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றுவார்கள், சில மாதம் நன்றாகப் பாடும், மறுபடியும் அதே சேனல் போகும். நடுநடுவே கரகரப்பு. ஸ்விட்ச் போட்டால் ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே 'டக்' என்று விழுவதற்கும் நேரம் பிடிக்கும்.

ஒரே பார்ட் இரண்டாவது தடவை போனால் அந்தப் பார்ட்டைக் குற்றம் சொல்லக் கூடாது. அதைக் கொன்றது வேறு ஏதோ ஒன்று, அது இன்னமும் செட்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அதைத் தேடிய வேலைதான். பழைய செட் வைத்திருக்கும் எல்லோருக்கும், முக்கியமாக ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு, இதில் பாதியாவது பொருந்தும்.

கரன்ட் கொடுப்பதற்கு முன்

மூடியைக் கழற்றியதும் முதல் வேலை ஃபில்டர் கண்டென்சர்களை டிஸ்சார்ஜ் செய்வது. இந்த செட்டில் 6800 மைக்ரோ ஃபாரட் இரண்டு. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது வேண்டாம், கண்டென்சரின் உள்இணைப்புக்கும் கெடுதல், கைக்கும் ஆபத்து. 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் இன்சுலேஷன் உள்ள கிளிப் போட்டு, ஒவ்வொரு கண்டென்சரிலும் ஐந்து விநாடி வைத்தால் போதும். அப்புறம் மீட்டரில் பார்த்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அடுத்தது சீரிஸ் லாம்ப். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, செட்டுக்குப் போகும் ஃபேஸ் வயரில் தொடராக இணைத்த ஒரு போர்டு. எல்இடி பல்பு இதற்கு உதவாது, டங்ஸ்டன் இழை உள்ள பல்புதான் வேண்டும். ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கண்டென்சர் சார்ஜ் ஆனதும் மங்கிவிட்டால் பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை இந்தக் கட்டத்தில் இணைக்கவே கூடாது. ஒரு பல்பும் ஒரு ஹோல்டரும்தான் செலவு. அது இல்லாமல் நேரடியாக லைனில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தால், புதிதாகப் போட்ட ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் வீணாகப் போகிறது.

கண்ணால் பார்த்ததில் தெரிந்தவை: இடது போர்டில் ஸ்பீக்கர் லைனுக்குப் பக்கத்தில் உள்ள 10 ஓம் ரெசிஸ்டர் கருகியிருந்தது. கண்டென்சர்களின் அடியில் பழைய பசை பழுப்பு நிறமாகியிருந்தது. பிரீ ஆம்ப்புக்கு நிலையான 15 வோல்ட் தரும் ஜீனர் டயோடு இருக்கும் இடத்தில் போர்டே தீய்ந்த நிறம். பயாஸ் டிரான்சிஸ்டரின் (அதன் வேலை என்னவென்று கீழே வரும்) திருகு தளர்ந்து, அது சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட்சிங்கைத் தொடாமல் நின்றிருந்தது. நான்குமே தனித்தனிச் சாட்சிகள்.

பயாஸ் பிரீசெட்

கொலையாளி இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரன்ட் இழுக்க வேண்டும் என்பதை, அதாவது பயாஸை, தீர்மானிப்பது பயாஸ் டிரான்சிஸ்டர் என்ற ஒரு சிறிய டிரான்சிஸ்டரும் அதோடு ஒரு பிரீசெட்டும் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்). இந்த செட்டில் பிரீசெட்டின் இரண்டு ஓரக் கால்கள் அந்தப் பயாஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டர் பக்கமும் எமிட்டர் பக்கமும் போகின்றன, நடுக்கால் பேஸுக்கு. நடுக்காலோடு சேர்ந்த தகரத் துண்டு ஒன்று கார்பன் பாதையின்மேல் உரசிக்கொண்டு நிற்கும். மூடியில்லாத திறந்த வகை. நாற்பது வருஷம் கடற்காற்று பட்டால் அந்த உரசும் இடம் ஆக்சைடு பிடிக்காமல் என்ன செய்யும்?

போர்டிலிருந்து அதைக் கழற்றி, மீட்டரை நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் வைத்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை அளவு அசைத்தோம். 380 ஓம் காட்டியது. இன்னும் கொஞ்சம் அசைத்ததும் திரை ஓப்பன் காட்டியது. அடுத்த அசைவில் 410. விட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் மறுபடி ஓப்பன். ஸ்பீக்கரில் பேஸ் அதிரும்போது செட்டே அதிரும், அப்போது உள்ளே நடப்பதும் இதுதான்.

நடுக்கால் தொடர்பு விட்டுப்போனால் பயாஸ் டிரான்சிஸ்டருக்குப் பேஸ் கரன்ட் கிடைக்காது, அது மூடிக்கொள்ளும். அது மூடிக்கொண்டால் அதன் குறுக்கே உள்ள வோல்டேஜ் ஏறிவிடும். பிளஸ் பக்க அவுட்புட்டும் மைனஸ் பக்க அவுட்புட்டும் ஒரே சமயத்தில் முழுசாகத் திறந்துகொள்ளும். பிளஸ் சப்ளை லைனான பிளஸ் ரெயிலிலிருந்து மைனஸ் ரெயிலுக்கு, நடுவில் இரண்டு 0.33 ஓம் ரெசிஸ்டர் மட்டும் தடுக்க, கரன்ட் நேராகப் பாயும். ஃபியூஸ் உருகுவதற்கு முன் டிரான்சிஸ்டர் போய்விடும். சத்தமாகப் பாட்டு வைத்ததால் போனது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். சத்தம் இங்கே தட்டி அசைத்த வேலையை மட்டும்தான் செய்தது.

புது பிரீசெட் போட்டால் மட்டும் இது தீராது. புதிதும் ஒருநாள் பழசாகும். தொடர்பு விட்டுப்போனால் பயாஸ் குறையும்படி சர்க்யூட்டையே திருப்பிவிட வேண்டும். வழி இது: கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே நிலையான 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 680 ஓம் நிலையான ரெசிஸ்டரும் அதோடு தொடராக 500 ஓம் பிரீசெட்டும். பிரீசெட்டின் நடுக்காலை ஒரு ஓரக்காலோடு சேர்த்துவிடுங்கள். இப்போது பிரீசெட் ஓப்பன் ஆனால் கீழ்ப்பக்கம் விட்டுப்போகும், மேலே உள்ள 2.2 கிலோ ஓம் வழியாகப் பேஸ் கரன்ட் தொடர்ந்து வரும், டிரான்சிஸ்டர் நன்றாகத் திறக்கும், பயாஸ் கிட்டத்தட்ட பூஜ்யமாகும். சத்தம் கொஞ்சம் கரடுமுரடாகக் கேட்கும், அவ்வளவுதான். எதுவும் எரியாது.

இந்த மதிப்புகள் டிரைவர் (அவுட்புட்டை இயக்கும் சிறிய டிரான்சிஸ்டர்), அவுட்புட் என இரண்டு கட்டம் உள்ள சர்க்யூட்டுக்கு, அதாவது நான்கு ஜங்ஷனுக்குச் சுமார் 2.4 வோல்ட் வேண்டிய இடத்துக்கு. கணக்கு சுலபம்: மேல் ரெசிஸ்டரைக் கீழ் ரெசிஸ்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 0.62 வோல்ட்டால் பெருக்கினால் கிடைப்பதுதான் பயாஸ் வோல்டேஜ். உங்கள் செட்டில் வேறு அமைப்பு இருந்தால் இதை வைத்து நீங்களே மதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். பிரீசெட்டுக்கு மூடிய வகை, பல சுற்றுச் செர்மெட் போடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் 3296 என்று கேட்டால் தருவார்கள். போர்டில் வைப்பதற்கு முன்னாலேயே மீட்டரில் பார்த்து முழு 500 ஓமுக்குத் திருப்பி வையுங்கள். அந்த நிலையில்தான் பயாஸ் மிகக் குறைவு.

பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட்சிங்கோடு ஒட்டியிருப்பதும் இதே அளவுக்கு முக்கியம். அவுட்புட் சூடானால் அதன் கரன்ட் ஏறும். அந்தச் சூட்டைப் பயாஸ் டிரான்சிஸ்டர் உணர்ந்து வோல்டேஜைக் குறைக்க வேண்டும். திருகு தளர்ந்து காற்றில் நின்றால் அது எதையும் உணராது. மே மாத மதியத்தில், மின்விசிறி காற்று படாத அலமாரிக்குள், சூடு ஏற ஏற கரன்ட் ஏறி, கரன்ட் ஏற ஏற சூடும் ஏறும். பழைய ஹீட்சிங்க் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புத் தூளாகியிருந்தால் மொத்தமாகத் துடைத்துவிட்டு, புதுசு மெல்லியதாகத் தடவித் திருகை இறுக்குங்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இன்சுலேஷனுக்காக வைக்கும் மைக்காவுக்கு இரண்டு பக்கமும் தடவ வேண்டும், ஆனால் அடிப்பக்கம் கண்ணாடிபோலத் தெரியும் அளவுக்குத்தான். தடித்துப் பூசினால் சூடு கடக்காது.

சில செட்டுகளில் பயாஸுக்கு டிரான்சிஸ்டருக்குப் பதிலாக எஸ்டிவி-3எச் போன்ற வாரிஸ்டர் டயோடு இருக்கும். அதன் கால் உள்ளேயே விட்டுப்போகும், விளைவு அப்படியே மேலே சொன்னதுதான். அதைத் தொட்டு அசைத்துப் பார்க்காமல் அவுட்புட்டை மாற்ற வேண்டாம்.

போனதோடு சேர்ந்து போனவை

அவுட்புட் ஷார்ட் ஆகும்போது தனியாகப் போவதில்லை. டிரைவர் பாதி அடிபட்டிருக்கும், மீட்டரில் நன்றாகத்தான் காட்டும், சூட்டில் லீக் ஆகும். பேஸ் ரெசிஸ்டர் மதிப்பு மாறியிருக்கும். 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் உள்ளே மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். எனவே இடது சேனலில் அவுட்புட் இரண்டு, டிரைவர் இரண்டு, பயாஸ் டிரான்சிஸ்டர், எமிட்டர் ரெசிஸ்டர் இரண்டு, டிரைவரைச் சுற்றிய சிறு ரெசிஸ்டர்கள் எல்லாவற்றையும் ஒரே வேலையாக மாற்றினோம். அந்தக் காலத்து ஃபியூஸிபிள் ரெசிஸ்டர்கள் (கரன்ட் மிஞ்சினால் ஃபியூஸ்போல விட்டுப்போகும் வகை) வயதானால் மதிப்பு ஏறிவிடும், 100 ஓம் என்று கோடு போட்டிருப்பது 160 காட்டும். ஒரு கால் கழற்றி ஒவ்வொன்றாக அளந்து, 10 சதவீதத்துக்கு மேல் விலகியதைத் தூக்கிவிடுங்கள். அதன் இடத்தில் ஃபியூஸிபிள் வகையே போடுவது நல்லது, அது ஒரு பாதுகாப்புக்காக வைத்தது.

இந்த செட்டில் முன்பு போடப்பட்டிருந்தவை 2என்3055 குடும்பத்தின் பிளாஸ்டிக் வடிவம். 3055-இன் தாங்குதிறன் 60 வோல்ட். இங்கே ரெயில் பிளஸ் மைனஸ் 42, அதாவது ஒரு டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே 84 வோல்ட் வரை வரும். கவுன்டரில் "3055 போட்டாலே ஓடும் சார்" என்று சொன்னால் ரெயில் வோல்டேஜை இரண்டால் பெருக்கிச் சொல்லிப் பாருங்கள். நாங்கள் தேர்ந்தது 2எஸ்சி5242, 2எஸ்ஏ1962 ஜோடி: 230 வோல்ட், 15 ஆம்பியர், 130 வாட். பழைய துளையிலேயே உட்காரும். டிரைவருக்கு எம்ஜேஇ15030, 15031. இவற்றின் உலோகப் பின்புறம் கலெக்டர், மைக்கா கட்டாயம்.

போலி டிரான்சிஸ்டர் இன்று பெரிய தொல்லை. அச்சு அழகாக இருப்பதை நம்பாதீர்கள். கெபாசிட்டி அளக்கும் மீட்டரில் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே பார்த்தால், பெரிய சில்லு உள்ள அசல் பவர் டிரான்சிஸ்டர் சில நூறு பைக்கோ ஃபாரட் காட்டும். அச்சு மட்டும் மாற்றிய சின்னச் சில்லு அதில் ஒரு சிறு பங்குதான் காட்டும். உதாரணத்துக்கு, இதே ரகத்து 2எஸ்சி5200-க்கு 10 வோல்ட்டில் 200 பைக்கோ ஃபாரட், 2எஸ்ஏ1943-க்கு 360 என்பது தரவுத்தாள் கணக்கு. வோல்டேஜ் இல்லாமல் அளக்கும்போது அதைவிட அதிகமாகத்தான் வர வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த நான்கில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கருகிய 10 ஓம் ரெசிஸ்டருக்கு வருவோம். அது 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரோடு தொடராக அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகிறது. பாட்டின் அலைவரிசையில் அதற்கு வேலையே இல்லை. அது கருகினால் ஆம்ப் காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் ஆடியிருக்கிறது என்று பொருள். பொருந்தாத, மந்தமான டிரான்சிஸ்டர் போட்டால் இப்படி ஆடும். ரெசிஸ்டர் கருகி ஓப்பன் ஆன பிறகு ஆட்டம் இன்னும் கூடும். 10 ஓம் 2 வாட், 0.1 மைக்ரோ ஃபாரட் 100 வோல்ட் பாலியெஸ்டர் இரண்டையும் புதிதாக வைத்து, அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் தடித்த கோடு இல்லாமல் சுத்தமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கோப் இல்லாதவர்கள் பாட்டு இல்லாத நிலையில் பத்து நிமிஷம் ஓட விட்டு அந்த ரெசிஸ்டரைப் பாருங்கள். சூடேறியிருந்தால் ஆட்டம் இருக்கிறது.

கரகரப்புக்குக் காரணம் முன்கட்டத்தில் உள்ள சின்ன டிரான்சிஸ்டர் ஜோடி. 2எஸ்சி458, 2எஸ்ஏ726 போன்றவை வயதில் இரைச்சல் பிடிப்பவை. கால்கள் கறுத்துப் போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம். கேஎஸ்ஏ992, கேஎஸ்சி1845 நல்ல மாற்று, கால் வரிசையும் ஜப்பான் வரிசையே: எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி547 கையில் இருக்கிறதே என்று அப்படியே சொருகினால் வரிசை கலெக்டர், பேஸ், எமிட்டர், எல்லாம் தலைகீழ். ஜோடியின் கெயின் (கரன்ட்டைப் பெருக்கும் அளவு) ஐந்து சதவீதத்துக்குள் பொருந்தும்படி பொறுக்கி, இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிவைத்தால் ஸ்பீக்கர் முனையில் டிசி குறையும். 30 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் திருப்தி.

வோல்டேஜ் கணக்கு

220 என்று எழுதிய செட் 245 வோல்ட்டில் ஓடினால் ரெயில் 42-லிருந்து 46.8 ஆகும். ஃபில்டர் கண்டென்சரில் 50 வோல்ட் என்று போட்டிருக்கிறது, மூன்று வோல்ட்தான் மிச்சம். அவுட்புட் ஜோடியில் வெளியேற வேண்டிய அதிகபட்சச் சூடு ரெயில் வோல்டேஜின் வர்க்கத்துக்கேற்ப ஏறும்: 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்குச் சுமார் 45 வாட்டாக இருந்தது 55-ஐத் தாண்டும். ஏ, பி இரண்டு ஜோடி ஸ்பீக்கரையும் ஒன்றாகப் போட்டு 4 ஓம் ஆக்கினால் 110. அதே ஹீட்சிங்க், அதே அலமாரி. அதிக வோல்டேஜும் 4 ஓமும் சேரும் வீட்டில் எந்த டிரான்சிஸ்டரும் நிலைக்காது.

முதலில் ஒரு நாள் காலை, மாலை, இரவு பதினொன்றுக்கு மேல் என்று பிளக் பாயின்ட்டில் அளந்து எழுதி வையுங்கள். இரவில் சுமை குறையும்போதுதான் வோல்டேஜ் ஏறும். செட்டில் வோல்டேஜ் செலக்டர் இருந்து அதில் 240 இருந்தால் அதில் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் 24 வோல்ட்டைக் கழிக்கும் ஒரு பெட்டி செய்துகொள்ளலாம். 12-0-12, 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று. பிரைமரியை லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே கொடுங்கள். செகண்டரியின் இரு ஓர முனைகளை, நடுமுனையை விட்டுவிட்டு, செட்டுக்குப் போகும் ஃபேஸில் தொடராக இணையுங்கள். வெளியே ஒரு குண்டு பல்பு போட்டு அளந்தால் 245-க்கு 220 சொச்சம் காட்ட வேண்டும். 270 காட்டினால் செகண்டரி முனை இரண்டையும் மாற்றிப் போடுங்கள். செகண்டரி என்றாலும் அதில் இப்போது முழு ஃபேஸ் இருக்கிறது. மூடிய பெட்டி, முன்னால் 2 ஆம்பியர் ஃபியூஸ், எர்த் வயர் மூன்றும் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம். லைன் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

ரிலே ஸ்டெபிலைசர் இதற்குச் சிறந்ததல்ல. அது கட்டம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஆம்ப்புக்கு ஒரு அதிர்ச்சி. பர்மா பஜார் வழியாகவோ உறவினர் கையோடோ வந்த 100 வோல்ட் ஜப்பான் உள்நாட்டு செட் என்றால் கவனம் இன்னும் வேண்டும். 110 வோல்ட் ஸ்டெப்டவுன் போட்டாலே பத்து சதவீதம் கூடுதல், அதற்குள் 245 வந்தால் 117 ஆகிவிடும்.

ஃபியூஸைப் பற்றி ஒன்று. உருகிய இடத்தில் செம்பு இழை சுற்றுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, ரெயில் ஃபியூஸ் இரண்டில் ஒன்று மட்டும் போனால் வரும் ஆபத்து: அவுட்புட் மற்ற ரெயில் பக்கம் சாய்ந்து ஸ்பீக்கருக்கு நேரடியாக டிசி போகும். ரிலே வேலை செய்யாவிட்டால் வூஃபர் காயில் எரியும். ஒன்று போனாலும் இரண்டையும் மாற்றுங்கள், அதற்கு முன் காரணத்தைப் பாருங்கள்.

உப்புக் காற்றும் ரிலேயும்

கடலோரத்தில் செம்பில் பச்சைக் களிம்பு படியும். மணலி, எண்ணூர் பக்கத் தொழிற்சாலைக் காற்றில் கலந்த கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். ரிலே, செலக்டர் ஸ்விட்ச் எல்லாவற்றின் தொடுமுனையும் வெள்ளிதான். அதனால் இந்தப் பகுதியில் பழைய ஆம்ப் ஒன்றில் சின்ன சத்தத்தில் ஒரு சேனல் காணாமல் போய், வால்யூமை ஏற்றினால் 'பட்' என்று திரும்பி வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ரிலேயை. சத்தம் ஏறும்போது வரும் வோல்டேஜ் அந்தக் கறுப்பைத் துளைத்துக்கொண்டு பாய்கிறது.

மீட்டரின் ஓம் ரேஞ்ச் இதைக் காட்டிக்கொடுக்காது. ரிலேக்கு அதன் 24 வோல்ட் கொடுத்து விழவைத்து, 12 வோல்ட் சப்ளையிலிருந்து 12 ஓம் 20 வாட் ரெசிஸ்டர் வழியாகத் தொடுமுனையில் ஒரு ஆம்பியர் ஓடவிட்டு, அதன் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள். 50-க்குக் கீழே என்றால் பரவாயில்லை. இந்த செட்டின் இடது முனையில் எண் நிலையாகவே நிற்கவில்லை, 200-க்கும் 700-க்கும் நடுவே குதித்தது. உப்புத்தாள், அரம் எதுவும் கூடாது. மேலே உள்ள வெள்ளிப் படலம் போய்விட்டால் ரிலே அதோடு முடிந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை நடுவில் வைத்து, முனையை விரலால் மெதுவாக அழுத்தி இழுத்தால் கறுப்புக் கோடு காகிதத்தில் வரும், கோடு வராத வரை செய்யலாம். ஆனால் அது தற்காலிகம்தான். அதே காயில் வோல்டேஜ், அதே கால் அமைப்பில் புது ரிலே போடுவதே முறை. போடும்போது முடிந்தால் நகரும் முனையை ஸ்பீக்கருக்கும், காயிலில் கரன்ட் இல்லாதபோது திறந்திருக்கும் முனையை ஆம்ப்புக்கும், அப்போது மூடியிருக்கும் முனையைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். டிசி வந்து ரிலே பிரியும்போது எழும் தீப்பொறி ஸ்பீக்கர் வழியாகப் போகாமல் கிரவுண்டுக்குப் போய் ஃபியூஸை உருக்கும்.

ரிலே தாமதமாக விழுந்ததற்குக் காரணம் அதை இயக்கும் யுபிசி1237 ஐசியின் 7-ஆம் காலில் உள்ள கண்டென்சர். லீக் ஆனால் சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும். சில ரூபாய் கண்டென்சர், மாற்றியதும் நான்கு விநாடிக்கு வந்தது.

பழுப்புப் பசையைச் சுரண்டி எடுத்தே தீர வேண்டும். புதிதில் அது இன்சுலேட்டர், பழுத்த பின் ஈரம் இழுத்து லேசாகக் கரன்ட் கடத்தும், அடியில் உள்ள ரெசிஸ்டர் காலையும் தின்றுவிடும். மூங்கில் குச்சியும் ஆல்கஹாலும் போதும். வால்யூம், டோன் கன்ட்ரோலுக்கு ரெசிடியூ உள்ள கான்டாக்ட் கிளீனர் ஒரே ஒரு சொட்டு, பிறகு ஓரத்திலிருந்து ஓரம்வரை பலமுறை சுழற்றுங்கள். டப்பா காலியாகும்வரை பீய்ச்சினால் உள்ளே உள்ள கிரீஸ் கழன்று, திருப்புவதே கரடுமுரடாகிவிடும். ஸ்பீக்கர் வயரின் முனை கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதுமுனை எடுங்கள். ஓர் இழை அடுத்த டெர்மினலைத் தொட்டால்கூட ஷார்ட்தான்.

ஃபில்டர் கண்டென்சருக்கு 6800 மைக்ரோ ஃபாரட் 63 வோல்ட் 105 டிகிரி. 10,000 வரை போகலாம், அதற்குமேல் போனால் ஸ்விட்சும் பிரிட்ஜும் ஒவ்வொரு தடவையும் அடிவாங்கும். ஜீனருக்கு முன் உள்ள சூடேறும் ரெசிஸ்டரை இரண்டு மடங்கு வாட்டில், போர்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தி வைத்து, கீழே ஈயத்தைப் புதுப்பித்தால் அந்த இடத்து டிரை சால்டர் (சூட்டில் விட்டுப்போன ஈய ஒட்டு) மறுபடி வராது.

ஓடவிட்டுப் பார்த்தது

சீரிஸ் லாம்பில் பல்பு மங்கியதும், ஸ்பீக்கர் முனையில் டிசி பார்த்து, பிறகு லைனில் நேரடியாக. பத்து நிமிஷம் கழித்து ஒரு எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட் வரும்படி பிரீசெட்டைத் திருப்பினால் 0.33 ஓமில் 30 மில்லி ஆம்பியர். மூடியைப் போட்டு அரைமணி கழித்து மறுபடி. சூட்டில் 13, 14 என்று ஏறினால் குறைத்து வையுங்கள். கிரிஸ்ப்பாக இருக்கட்டும் என்று யாராவது கூட்டிவைக்கச் சொன்னால் சென்னை வெயிலில் அது வேண்டாம்.

பிறகு டம்மி லோட், அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக ரெசிஸ்டர். 33 ஓம் 20 வாட் நான்கைப் பேரலலாகப் போட்டால் 8.25 ஓம். போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் கொடுத்து லோடின் குறுக்கே 12 வோல்ட் ஏசி வரும்வரை வால்யூமை ஏற்றி அரைமணி ஓட விடுங்கள். முழுச் சத்தத்தில் அல்ல, இப்படி முழுப் பவரின் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் அவுட்புட் அதிகம் சூடாகும். இதைத் தாங்கினால் வீட்டில் தாங்கும்.

வலது சேனல் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதே வயது, அதே பிரீசெட், அதே காற்று. அங்கேயும் அதே மாற்றத்தைச் செய்தோம்.

வீட்டில் வைக்கும் இடம்: மேலே நான்கு விரல்கட்டை, பக்கங்களில் இரண்டு விரல்கட்டை இடைவெளி, மேலே துணி, டிவி செட்டாப் பாக்ஸ் எதுவும் கூடாது. தரையில் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் நனைந்த செட் எத்தனையோ. அப்படி நனைந்தால் காய்ந்துவிட்டதே என்று ஸ்விட்ச் போட வேண்டாம். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஆல்கஹால் விட்டு, நிழலில் பல நாள் உலர்த்தி, டிரான்ஸ்பார்மர் பிரைமரிக்கும் உடலுக்கும் நடுவே இன்சுலேஷனை 500 வோல்ட் மெகர் மீட்டரில் பார்த்த பிறகுதான் சீரிஸ் லாம்ப். மழைக்காலத்தில் செட்டை மாதக்கணக்கில் சும்மா வைக்காமல் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட விட்டு, எல்லா ஸ்விட்சையும் பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போடுங்கள். உள்ளே ஈரம் தங்காது, தொடுமுனையும் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும்.

மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினோம்: ரெயில் வோல்டேஜ், அப்போதைய லைன் வோல்டேஜ், இரண்டு சேனலின் பயாஸ் மில்லிவோல்ட், ஸ்பீக்கர் டிசி, போட்ட டிரான்சிஸ்டர் எண்கள், பிரீசெட் சர்க்யூட் மாற்றியிருக்கிறது என்ற குறிப்பு, தேதி. அடுத்த கோடையில் மூடியைத் திறப்பவர் அதே இடங்களில் மீட்டரை வைத்து, எந்த எண் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.